கண்ணாடிப் பெட்டியும் லயக் காம்பிராவும்: மலையக நூதனசாலைகள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

நூதனசாலை என்பது பழம்பொருள்களைப் பேணிக் காக்கும் இடம் என்னும் எண்ணமே நம்மிடையே பொதுவாக நிலவுகின்றது. ஆனால், பேணப்படும் பொருள்கள் எவை, அவற்றைத் தெரிந்தெடுப்போர் யாவர், எவருக்காக அவை காட்சிக்கு வைக்கப்படுகின்றன என்னும் வினாக்களை எழுப்பும்பொழுது, நூதனசாலையும் இலக்கியத்தைப் போலவே ஒரு சமூக விளைபொருள் என்பது புலனாகும். ஒரு நாவலிலே பேசுவோர் யார், பேசப்படுவோர் யார் என்று ஆராயும் விமர்சகன் ஒரு காட்சிக்கூடத்தையும் அதே கண்கொண்டு நோக்குதல் தகும். மலையக நூதனசாலைகளை அவ்வாறு நோக்கி, வலப்பனை போன்றதொரு பிரதேசத்திலே தோட்ட மக்களும் கிராம மக்களும் ஒன்றுகூடி உள்ளூர்க் காட்சியொன்றினை அமைப்பதாயின் அது எதனைச் சொல்லவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'நல்லிணக்கம்' என்ற சொல், 2010 ஆம் ஆண்டிலே கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நியமிக்கப்பட்டதன் பின்னர், இலங்கையின் அரச வழக்கிற் பெரிதும் இடம்பெறலாயிற்று. வடக்குக் கிழக்கிலே நிகழ்ந்த போரோடு இணைத்தே அச்சொல் பேசப்பட்டமையால், மலையகத்திலே இணக்கம் காண்பதற்கு என்ன இருக்கின்றது என்று வினவுவோரும் உளர். மலையகம் போர்க்களமாக இருந்ததில்லை என்பது உண்மையே. ஆயின், ஒரே பள்ளத்தாக்கின் மேற்சரிவிலும் கீழ்ச்சரிவிலும் வாழும் இரு மக்கட் கூட்டத்தினர், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒருவரையொருவர் கண்டும், சந்தையிற் கொடுத்து வாங்கியும், ஒருவர் இழந்ததை மற்றவர் அறியாதிருக்கின்றனர். இந்த அறியாமையின் மீதுதான் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலைநாட்டிலே கால்கொண்டன.

1

ஒரு சமூகத்தைப் பற்றிய காட்சியை அச்சமூகத்தோடு சேர்ந்தே அமைத்தல் வேண்டும் என்ற கருத்து நூதனசாலைத் துறையிற் பிற்காலத்திலேயே வலுப்பெற்றது. அவுஸ்திரேலியாவிலே பழங்குடி மக்களின் எலும்புகளும் வழிபாட்டுப் பொருள்களும் நெடுங்காலமாக அவர்களது சம்மதமின்றியே சேகரிக்கப்பட்டு வந்தன. 1993 ஆம் ஆண்டில் அந்நாட்டு நூதனசாலைச் சங்கங்களின் மன்றம் 'முன்னைய உடைமைகள், புதிய கடப்பாடுகள்' என்ற பொருள்படும் தலைப்பிலே ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. மூதாதையரின் எச்சங்கள் பற்றியும் புனிதப் பொருள்கள் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை உரிய மக்களுக்கு உண்டு என்பதையும், நூதனசாலையின் நிருவாகத்திலும் அவர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்பதையும் அது வலியுறுத்திற்று. நமது நாட்டு வேடர் சமூகத்தவரின் மண்டையோடுகளும் காலனித்துவக் காலத்திலே ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவையே. அவற்றுள் எடின்பரோப் பல்கலைக்கழகத்திலிருந்த ஒன்பது, 2019 ஆம் ஆண்டில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் ஒப்படைக்கப்பட்டன.

இவ்வனுபவங்களை மலையகத்துக்கு இயந்திரப் பாங்கில் எடுத்து வந்து பொருத்துதல் இயலாது. மலையகத் தமிழர் அம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலியுழைப்புக்கெனக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அன்றியும், 'மண்ணின் மைந்தர்' என்ற கோட்பாடே மலையகத்திலே தோட்டத் தொழிலாளரை அந்நியராக்கப் பயன்பட்ட கோட்பாடாகும். எனவே, முந்தி வந்தோர் யார் என்ற போட்டியை நாம் அவுஸ்திரேலியாவிடமிருந்து கற்க வேண்டியதில்லை. பிறரால் அளக்கப்பட்டும், எண்ணப்பட்டும், பதியப்பட்டும் வந்த ஒரு மக்கட் கூட்டம் தன்னைப் பற்றிய காட்சியிலே முடிவெடுக்கும் உரிமையைப் பெறுதல் என்பதே அங்கிருந்து நாம் பெறத்தக்க பாடமாகும்.

2

மலைநாட்டிலே தேயிலை பற்றிய இரு நூதனசாலைகள் நமது கவனத்துக்குரியன. ஒன்று, கண்டி ஹந்தானையில் 2001 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இலங்கைத் தேயிலை நூதனசாலை. 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்த நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையொன்றைப் புதுப்பித்து அது அமைக்கப்பட்டது. கொழுந்தை வாட்டிய, அரைத்த, சலித்த பொறிகள் அங்கே மெருகிட்டு நிறுத்தப்பட்டுள்ளன. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் போற்றப்படுகின்றன. மேல்மாடியிலிருந்து தேநீர் அருந்தியவாறே மலைக்காட்சியையும் காணலாம். பொறியியல் வரலாறு என்ற அளவில் இது பயனுள்ள முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயின், இக்காட்சியின் இலக்கணத்தைச் சற்று நோக்குவோம். இங்கே எழுவாய் துரை, பயனிலை பொறி. கொழுந்து தானாகவே தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது போன்ற மயக்கத்தையே இவ்விலக்கணம் உண்டாக்குகின்றது. விடியற்காலைப் பிரட்டுக்களமும், கூடையின் கயிறு நெற்றியிற் பதித்த தழும்பும், நிறுவையிற் கழிக்கப்பட்ட இறாத்தலும் அதற்குட் பொருந்துவதில்லை.

மற்றையது, கம்பளைக்கு அண்மையிலுள்ள பாரதெக்கவிலே, பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 ஆம் ஆண்டில் நிறுவிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் ஆகும். இதன் சிறப்பு அதன் கட்டடத்திலேயே தொடங்குகின்றது. தொழிலாளர் வாழ்ந்த பழைய லயமே இங்கு நூதனசாலையாகியுள்ளது. தொழிற் கருவிகளும், வீட்டுப் பாத்திரங்களும், இசைக்கருவிகளும், தோட்டத்து ஆவணங்களும் அந்தக் காம்பிராக்களுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. ஹந்தானையிலே காணாமற்போன எழுவாய் பாரதெக்கவில் மீட்கப்பட்டது எனலாம். நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் துண்டுப்பிரசுரத்தாலும் பாட்டாலும், சி. வி. வேலுப்பிள்ளை எழுத்தாலும் நாட்டார் பாடற் சேகரிப்பாலும் தொடங்கிவைத்த பணி இங்கே பொருள்வடிவிலே தொடர்கின்றது. அரசோ பல்கலைக்கழகங்களோ செய்யத் தவறியதை மலையகத்து நிறுவனமொன்று செய்து காட்டியமை நமது நன்றிக்குரியது.

எனினும், நன்றி விமர்சனத்துக்குப் பதிலாகாது. பாரதெக்கவின் முயற்சி நம்மைக் கடினமானதொரு வினாவின் முன் நிறுத்துகின்றது. நூதனசாலை தன் இயல்பிலேயே, தான் காட்டும் பொருளை 'முன்னொரு காலத்தது' ஆக்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குட் போடப்பட்டது எதுவோ அது முடிந்துவிட்டது என்பதே பார்வையாளர் கொள்ளும் பொருள். ஆனால் லயம் முடிந்துவிட்டதா? நூதனசாலையாகிய லயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒருவர், ஒரு வளைவு கடந்ததும் அதே நீளக் கூரையின் கீழ், அதே ஒற்றைக் காம்பிராவும் இஸ்தோப்புமாக, இன்றும் குடும்பங்கள் வாழக் காண்பார். காட்சிப்பொருளும் வாழ்விடமும் ஒன்றாகவே இருக்கும் இந்நிலை உலகின் நூதனசாலைகளிலே அரிதாகும். மொரிசியசின் அப்பிரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறையாக 2006 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கே அப்படிக்கட்டுகளின் வழியாகக் கூலிகளாய் இறங்கிவருவோர் இன்று எவருமில்லை. மலையகத்திலோ, 'இப்படித்தான் வாழ்ந்தார்கள்' என்று இறந்தகாலத்தில் எழுதப்படும் ஒவ்வொரு விளக்கப் பலகையும், எழுதுவோர் அறியாமலே, ஒரு பொய்யைச் சொல்லிவிடும் அபாயம் உண்டு. ஆகவே மலையக நூதனசாலை முடிந்த வரலாற்றின் களஞ்சியமாக அமையாது, இன்னும் தீர்க்கப்படாத வழக்கொன்றின் சான்றுக்கூடமாகவே அமைதல் வேண்டும்.

3

இவ்வழக்கிலே வாதி ஒருவர் மட்டுமா? இவ்வினாவே நம்மை வலப்பனைக்கு இட்டுச்செல்கின்றது.

நுவரெலியா மாவட்டத்திலே வலப்பனைப் பகுதியின் அமைப்பு பெரிதும் கருத்துக்குரியது. மேலே இராகலை, உடப்புசல்லாவைச் சரிவுகளிற் தேயிலை. கீழே பள்ளத்தாக்குகளிற் படிப்படியாய் இறங்கும் வயல்கள். மேலே தமிழ் பேசும் லயங்கள். கீழே கண்டிச் சிங்களக் கிராமங்கள். கீழுள்ள வயல்களின் கதை நம்மிற் பலர் அறியாதது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் தொடர்பான கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனையையும் அரசுக்குரியதாக்கித் தோட்டங்களுக்கு வழிதிறந்தது. எஞ்சிய வயலுக்கோ தானியவரி விதிக்கப்பட்டிருந்தது. 1878 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வரியைப் பணமாகவே இறுக்கும் முறையை இறுக்கமாக்கிற்று. கிராமத்தவர் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்த கோப்பியை விற்றே அப்பணத்தைத் தேடிக்கொண்டனர். 1869 ஆம் ஆண்டிலே தோன்றிப் பரவிய கோப்பி இலைநோய் அவ்வருவாயை அழித்தது. வரி இறுக்க இயலாதோரின் வயல்கள் 1880களிலே ஏலத்திற் கூறப்பட்டன. இக்கொடுமை மிகக் கடுமையாக நிகழ்ந்த இடங்களுள் வலப்பனை முதன்மையானது. நுவரெலியா உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசுரியரே, வயலிழந்த வலப்பனைக் கிராமத்தவர் பசியால் மடிந்தமையை அறிக்கையிட்டார். அவ்விவகாரம் இலண்டன் வரை எட்டிற்று. 1892 ஆம் ஆண்டிலே தானியவரி ஒழிக்கப்பட்டது.

அதே கோப்பி இலைநோய் மேற்சரிவிலே செய்தது என்ன? தோட்டங்கள் நொடித்தன, கூலி நிலுவையில் நின்றது, ஆயிரக்கணக்கானோர் வந்த வழியே கால்நடையாய்த் திரும்பினர். எஞ்சியோர் கங்காணியிடம் பட்ட கடனோடு தேயிலைக்கு மாற்றப்பட்டனர். அக்கடனைச் சீட்டாக்கித் தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஒரே இலையின் ஒரே நோய் கீழே வயலைப் பறித்தது. மேலே கூலியைப் பறித்தது. எனினும், கிராமத்தவரின் நினைவிலே மேற்சரிவார் தம் காட்டைப் பிடித்துக்கொண்டவர். தோட்டத்தவரின் நினைவிலே கீழ்ச்சரிவார் தம்மை அந்நியர் என்போர். பறித்தவனின் கணக்கேடு இருவர் நினைவிலும் இல்லை.

வலப்பனையில் ஓர் உள்ளூர்க் காட்சி அமையுமாயின், அதன் நடுவிலே இரண்டு தாள்கள் அருகருகே வைக்கப்படல் வேண்டும் என்பது நமது கருத்து. ஒன்று, வரி இறுக்காமைக்காக வயலொன்றை ஏலமிடும் அறிவித்தல். மற்றையது, 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவருக்கு அனுப்பப்பட்ட நிராகரிப்புக் கடிதம். இரண்டும் அரசு எழுதியவை. இரண்டும் ஒருவரைத் தம் காலடி மண்ணிலிருந்து பெயர்த்தவை. தமிழ்ப் பிள்ளை முதலாவது தாளைத் தன் மொழியிலும், சிங்களப் பிள்ளை இரண்டாவது தாளைத் தன் மொழியிலும் வாசிக்குமிடத்தே நல்லிணக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கும். பரதமும் கண்டிய நடனமும் ஒரே மேடையில் ஆடப்படும் விழாக்களிலே அது பிறந்ததாக நாம் அறியோம்.

4

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் நம்மையே விமர்சித்துக்கொள்ள வேண்டியுள்ளது. இரு சாராரும் காலனித்துவத்தாற் சுரண்டப்பட்டோர் என்று கூறிக் காட்சியை அங்கேயே முடித்துவிடுதல் நமக்கு மிகவும் இலகுவானது. வர்க்க ஒற்றுமை என்ற சரியான கோட்பாட்டைக் கொண்டு சங்கடமான உண்மைகளைக் கடந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. முதலாவது தாளை எழுதியது அந்நிய அரசு. இரண்டாவது தாளை எழுதியது சுதந்திர இலங்கையின் அரசு. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. தோட்டத்தவரின் வாக்குப் பறிக்கப்பட்டதனால் மலைநாட்டுத் தொகுதிகளிலே கிராமத்தவரின் வாக்குக்கு இருந்த வலு பெருகிற்று என்பதை மறைத்தலாகாது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

நிலப் பிரச்சினையும் அத்தகையதே. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. அம்முற்போக்கான சட்டத்தின் நிழலிலேயே தோட்டக் காணிகளைக் கிராமத்தவருக்குப் பகிரும் முயற்சிகளும் தொழிலாளரின் வெளியேற்றமும் நிகழ்ந்தன. அதனை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். காணியற்ற கிராமத்தவரின் பசியும் உண்மை. வெளியேற்றப்பட்ட தொழிலாளரின் பசியும் உண்மை. இரண்டையும் மோதவிட்ட அரசியலைக் காட்டாது, இரண்டிலொன்றை மட்டும் காட்டும் காட்சி ஒருதலைப்பட்சமாகும். எரிக்கப்பட்ட லயத்தின் கரித்துண்டும், அந்நாளிலே அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த கிராமத்துக் குடும்பத்தின் சாட்சியும் ஒரே அறையில் இடம்பெறல் வேண்டும். இவற்றுள் எது ஒன்றை நீக்கினும் மற்றையது பிரசாரமாகிவிடும்.

'சமூகம்' என்று நாம் ஒருமையிற் கூறுவதும் ஆராயத்தக்கது. லயம் ஒரே கூரையின் கீழ் இருந்ததெனினும் சமமாக இருந்ததன்று. பெரிய கங்காணியின் தலைப்பாகையையும் வெள்ளிப்பூண் பிரம்பையும் பெருமைக்குரிய மரபாகக் காட்டுவதா, அடக்குமுறையின் கருவியாகக் காட்டுவதா? தப்பினைக் கலைச்சின்னமாகக் காட்டும்பொழுது, அதனை அடித்தவர்கள் சாதியின் பேராற் பட்ட இழிவும் அருகே எழுதப்படுமா? கொழுந்தெடுப்பவள் பெண், சம்பளத்தைக் கையேற்றவன் பல தோட்டங்களில் அவள் கணவன், நூதனசாலைக் குழுவில் இருக்கப்போவது யார்? பீலிக்கரையிலே நீர் பிடிக்கும்போது சொல்லப்பட்டவையும், பிள்ளைக்காம்பிராவில் விடப்பட்ட குழந்தையின் நினைவும் எந்தத் தோட்டத்து ஆவணத்திலும் இல்லை. தோட்டத்துச் சொற்களுட் காட்சிப்படுத்த மிகக் கடினமானது 'அரைப்பேர்' என்பதாகும். முழுநாள் உழைத்தும், கொழுந்து குறைந்ததென அரைநாட் சம்பளமே எழுதப்படுவதைக் குறிக்கும் அச்சொல்லை எந்தக் கண்ணாடிப் பெட்டியுள் வைப்பது? அதனை வாழ்ந்தவரே வந்து சொல்லுதல் வேண்டும்.

5

எனவே, இத்தகைய காட்சியை மதிப்பிடச் சில அளவுகோல்களை முன்வைக்கலாம். முதலாவது, பொருள்கள் நூதனசாலையின் உடைமையாகாது, கொடுத்த குடும்பத்தின் உடைமையாகவே இருத்தல் வேண்டும். ஒரு பாட்டியின் வெற்றிலை உரல் திருவிழாவுக்கு வீடு சென்று மீண்டும் வருமாயின் அதனாற் காட்சிக்குக் குறைவில்லை. இரண்டாவது, விளக்கங்கள் முதலில் மக்கள் வழக்கிலே எழுதப்பட்டு, பின்னரே பிற மொழிகளுக்குச் செல்லுதல் வேண்டும். கவ்வாத்து, கொந்தரப்பு, படங்கு, செக்றோல் என்பன திருத்தப்பட வேண்டிய கொச்சைகள் அல்ல. அவையே மூல ஆவணங்கள். மூன்றாவது, காட்சியிலே ஒரு வரைபடம் இருத்தல் வேண்டும். தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் 1994 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ஆறாம் வட்டார நூதனசாலையில், வெளியேற்றப்பட்ட மக்கள் நிலத்தில் விரித்த தெருப்படத்தின் மீது தத்தம் வீடிருந்த இடத்திற் தம் பெயரை எழுதினர். வலப்பனையின் படத்திலே ஒவ்வொரு மலைக்கும் துரை இட்ட ஆங்கிலப் பெயரும், தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரும், தோட்டத்துக்கு முன்பிருந்த சிங்களப் பெயரும் எழுதப்படலாம். ஒப்பந்தத்தினால் நீலகிரிக்கும் கோத்தகிரிக்கும் சென்று மீண்டும் தேயிலையே பறித்தோரின் பெயர்களுக்கும் அப்படத்தில் இடமுண்டு. நான்காவது, காட்சியின் இறுதி அறை வெறுமையாக விடப்படல் வேண்டும். உறுதிப்பத்திரமற்ற வீட்டிலே வாழ்வோரும், 2007 ஆம் ஆண்டு சனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் நிகழ்ந்த மண்சரிவுகளிலே வீடிழந்தோரும் இன்றைய நிலையைத் தாமே எழுதுவதற்கான சுவர் அதுவாகும். மண்சரிவு வயலையும் லயத்தையும் பேதம் பார்ப்பதில்லை.

இவை மிகையான எதிர்பார்ப்புகள் எனச் சிலர் கூறலாம். 2023 ஆம் ஆண்டிலே, மலையகத் தமிழரின் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த தடத்திலே ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. தம் வரலாற்றைத் தாமே சொல்லும் ஆற்றல் இம்மக்களிடம் உண்டு என்பதற்கு அதுவே போதிய சான்று. பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்கது, ஆவணங்களைத் தேடிக் கொடுத்து, மொழிபெயர்த்து, பின்னர் ஒதுங்கி நிற்பதேயாகும்.

நூதனசாலை காணியுறுதியைத் தராது, சம்பளத்தை உயர்த்தாது. அதனை அவற்றுக்கு ஈடாகக் காட்ட முற்படும் எவரையும் நாம் ஐயுறல் வேண்டும். ஆயின், மேற்சரிவின் பிள்ளையும் கீழ்ச்சரிவின் பிள்ளையும் அவ்விரு தாள்களின் முன் ஒன்றாக நின்று, 'இதனை எழுதியவர் யார்?' என்று ஒரே வினாவை எழுப்புவார்களாயின், அக்காட்சி தன் கடனைச் செய்ததாகும். லயக் காம்பிரா உண்மையாகவே பழம்பொருளாகும் நாளும் அவ்வினாவிலிருந்தே பிறத்தல் கூடும்.